கப்பல் ஆப்பும் என் அவசரச் சிக்கனமும்

போன வாரம் வந்த கிளவுட் பில்லை மூன்று முறை படித்தேன். முந்தைய மாதத்தைவிட இரண்டு மடங்கு. நாங்கள் நடத்துவது, எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து மற்றத் தீவுகளுக்குக் கப்பல் கிளம்புமா, கேன்சலா என்று மொபைலில் சொல்லும் சின்ன ஆப். இதற்கு இவ்வளவா?

'நாங்கள்' என்றால் நானும் ஸ்டெல்லாவும். அவளுடையது தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம்; பிறந்தது இங்கே மரைன் ஹில்லில். புரோகிராம் எழுதுவது அவள்; பில்லைப் பார்த்துப் புலம்புவது நான்.

ஆப்பின் ஒவ்வொரு வேலைக்கும் மெயின்லேண்ட் சர்வரில் ஒரு கன்டெய்னர் ஓடுகிறது. ஹார்பரில் இறங்கும் இரும்புப் பெட்டி அல்ல, சாஃப்ட்வேர் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் மெமரியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் ஒதுக்கியதற்குக் காசு.

"எல்லாத்தையும் பாதியாக்கு" என்றேன்.

"அக்கா, எது எவ்வளவு தின்னுதுன்னு முதல்ல அளந்து பார்த்துக்குறேன். ரெண்டு நாள் குடுங்க."

"இப்பவே குறை."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குறைத்தாள்.

மறுநாள் காலையே கடல் கொந்தளிப்பு. கப்பல்கள் கேன்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறக்க... மெமரி போதாமல் கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. திரையில் மட்டும் பழைய தகவல் — 'கப்பல் உண்டு.'

துறைமுக ஜெட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார். வடக்கே உள்ள ரங்கத் ஊர்க்காரர்.

"மேடம், இங்க ஜஹாஜ் பந்த், கப்பல் கிடையாதுங்கிறாங்க. உங்க ஆப்புல சாலூ, ஓடுதுன்னு இருக்கு. பொண்ணுக்கு நாளைக்குக் கடல் தாண்டி ஹட் பேயில நிச்சயம். அதை நம்பித்தான் பஸ் ஏறி வந்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகப் பேசினார்.

ஸ்டெல்லா முதலில் மெமரியைப் பழையபடி ஏற்றினாள். நான் ஜெட்டிக்குப் போய் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாள் மதியம்தான் கப்பல் கிடைத்தது. நிச்சயம் ஒரு நாள் தள்ளி நடந்தது.

இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா அளந்தாள். தகவல் அனுப்பும் கன்டெய்னருக்கு மட்டும்தான் கூட்ட நேரத்தில் அதிக மெமரி வேண்டியிருந்தது. கூட்டம் வந்தால் கூடவும், போனால் குறையவும் அதை மாற்றினாள். மற்றவற்றுக்குத் தேவையான அளவு மட்டும்.

ஆனால் பில்லை ஏற்றியது இதெல்லாம் இல்லை. மொத்த ஆப்பின் இன்னொரு காப்பி இரவும் பகலும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"இதை எந்தப் புண்ணியவான் போட்டது?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்கதான்க்கா. ஹோட்டல்காரர் ஒருத்தருக்கு ஆப்பை டெமோ காட்டணும், எப்பவும் ஓடட்டும்னு சொன்னீங்க."

அந்த ஹோட்டல்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அணைக்க ஒரு கிளிக் போதுமாக இருந்தது. 'ஆமாம், நான்தான்' என்று சொல்லத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.