அலுமாரிக்குப் பின்னால் இருந்த பலகை

என் கணவரின் முதுகெலும்பு முறிந்துவிட்டதென்று கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள்! ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்... இதைவிட மோசமானது இனித்தான் வருகிறது.

தெல்தெனியப் பக்கம் கராம்பு பறிக்கப் போன சேவியர், மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி நடக்கமாட்டார் என்றார் டொக்டர். நான் அழுதேன். பொய்யழுகை இல்லை அது. ஆனால் அந்த அழுகைக்கு அடியில் ஓர் எண்ணம்... இனி இவர் அடிக்க எழுந்து வரமாட்டார்!

ஆம், அடிப்பார். சோறு குழைந்தால் அடி. பஸ் பிந்தினால் அடி. குடிகாரராக இருந்தாலாவது ஒரு சாக்குச் சொல்லலாம். வெறும் தேத்தண்ணி குடிக்கும் மனிதர்! எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடுதான் ஞாயிறு பூசைக்குப் போவேன். கோயில் பெண்கள் என்னை நாகரிகக்காரி என்று கேலி செய்வார்கள்.

மறுவாழ்வு வார்டில் பயிற்சி கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். சேவியரின் தோளைத் தட்டிப் பார்த்து, "கால் போனால் என்ன, கை ரெண்டும் நல்ல பலமா இருக்கு. இனி எல்லாம் இந்தக் கையாலதான்" என்றார்.

அந்தக் கைகளின் பலத்தை அவர் எனக்கா சொல்ல வேண்டும்?

தினமும் அந்தக் கைகளுக்குத்தான் பயிற்சி. மணல்மூட்டை தூக்கினார், உள்ளங்கைகளை ஊன்றி உடம்பை உயர்த்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் உடம்பு உயரும்போதெல்லாம் ஓரடி பின்னுக்கு நகர்ந்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஒரு வழவழப்பான பலகையும் கொடுத்தார்கள். கட்டிலுக்கும் சக்கரக் கதிரைக்கும் நடுவில் அதை வைத்து, கைகளை ஊன்றிச் சறுக்கியே மாறிவிடலாம். "நீங்கள் தூக்காதேங்கோ அக்கா, அவர் தானா மாறட்டும்" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார்.

குண்டசாலையில் வீட்டுக் கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் பலகையை அலுமாரிக்குப் பின்னால் செருகியதுதான். கதிரையை அறையின் மறுகோடியில் நிறுத்தினேன்.

அதன் பிறகு நான் செய்த பணிவிடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தூக்கினேன், துடைத்தேன். நல்ல கை இரண்டிருந்த மனிதருக்குச் சோற்றை ஊட்டினேன். "உன்ன மாதிரி பொஞ்சாதி கெடைக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள் கோயில் பெண்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு இனித்தது தெரியுமா, அந்தப் புகழ்!

பலகை எங்கே என்று அவர் கேட்டார். "நான்தான் இருக்கேன்ல? பேசாம படுங்க" என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

கட்டிலிலேயே கிடக்கும் உடம்பு என்ன ஆகும்? நான் கடைக்குப் போய்ப் பேச்சு வளர்த்துவிட்டு வரும்வரை அவர் ஒரே பக்கமாகக் கிடப்பார். இடுப்பில் புண் வைத்தது. அவருக்கு வலி தெரியவில்லை. எனக்கு நாற்றம்தான் முதலில் தெரிந்தது. மறுபடியும் வார்டு.

"பலகை பாவிக்கேல்லையோ?" என்று அந்தப் பெண் அவரைக் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "அவருக்குப் பயம் மிஸ். எவ்வளவு சொன்னாலும் வேணாங்கிறாரு."

சேவியர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தால் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுப்பது யார்? அந்தப் பார்வையில் இருந்தது பயம்... என்னைக் கண்டு பயம்! கல்யாணமான நாளிலிருந்து நான் முகம் கழுவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த அதே பயம்.

ஐயோ, நான் யாராக மாறிப்போனேன்?

புண் ஆறும்வரை அவர் குப்புறக் கிடந்தார். வீட்டுக்கு வந்த அன்றே பலகையை வெளியே இழுத்து, தூசி துடைத்துக் கட்டிலில் வைத்து, கதிரையையும் பக்கத்தில் நிறுத்தினேன். அது எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. முதல் தடவை பாதியில் சரிந்தார். பிடிக்கப் போன என்னிடம், "நீ தள்ளு, நான் பாத்துக்கிறேன்" என்றார். கதிரையில் போய் உட்கார்ந்ததும் சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது!

இப்போது தானே எழுகிறார், தானே குளிக்கிறார், வாசலில் உட்கார்ந்து குடை திருத்துகிறார். நான் நிம்மதியாகக் கண்டிக்குப் பஸ் ஏறுகிறேன். பிந்தி வந்தாலும், "பஸ்ஸில சனமா?" என்று மட்டும் கேட்கிறார். இந்த நிம்மதியில் களவு இல்லை. உங்களிடம் சொல்லியதில் இன்னும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ஆனாலும்... நேற்று சீனி டின்னை எடுக்க அவர் கையை உயர்த்தினார். என் தலை தானாகக் குனிந்தது. அவர் அதைக் கண்டார். டின்னை எடுக்காமலே கையைக் கீழே போட்டார்.

அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

என் கையில் இருந்த நீலமெல்லாம் மறைந்துவிட்டது. அவர் இடுப்பில் அந்தப் புண்ணின் தழும்பு குழிவிழுந்து அப்படியே இருக்கிறது. மறுபடியும் புண் வைக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். காலையில் அவர் ஒருக்களித்துப் படுத்து, "கண்ணாடியப் புடி" என்கிறார். தானே பார்க்கத்தான், ஆனாலும் அவருக்குப் பாதிதான் தெரியும். பிடிக்கிறேன். அதில் தழும்பும் தெரிகிறது, என் முகமும் தெரிகிறது.

"எப்புடி இருக்கு?" என்று கேட்கிறார்.

"ஒன்னுமில்லங்க... சுத்தமா இருக்கு" என்கிறேன்.