பதினோரு சென்டிமீட்டர்

சூடான நீராவியில் ஓர் உலோகத்தை வைத்தால் எடை கூடுமா, குறையுமா?

பள்ளி முடித்த வாரத்தில் சித்தி என்னிடம் இப்படிக் கேட்டார். கூடும். உலோகம் நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கூடுதலை அளப்பது சித்தியின் வேலை. சோதனைக்கு வரும் உலோகக் குழாய்களைக் கழுவிக் காயவைப்பதும் அவர்தான். அங்கே அவருக்கு ‘மில்லிகிராம்’ என்று பட்டப்பெயர். “வீட்டுலயும் அப்படித்தான். உப்பு போடுறதுக்கே தராசத் தேடுவா” என்பார் சித்தப்பா.

அணு உலையில் எரிபொருள் ஜிர்கோனியம் என்ற உலோகத்தாலான மெல்லிய குழாய்களுக்குள் இருக்கும். குளிர்விக்கும் நீர் நின்றுபோனால் குழாய் தாறுமாறாகச் சூடேறும். நீராவி அதை அரிக்கும், வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் கிளம்பும். இதைத் தடுக்க, தலைமுடியைவிட மெல்லிய குரோமியப் பூச்சைச் சித்தியின் ஆய்வுக்கூடத்தில் ஏற்றிப் பார்த்தார்கள்.

இரண்டு சோதனைகள் தோற்றன. ஆயிரத்து இருநூறு டிகிரி நீராவிச் சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு குழாயிலும் இரண்டு இடங்களில் பூச்சு உரிந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. எடையும் எகிறியது. எல்லோரும் பூச்சு இயந்திரம் ஓட்டுபவரையே முறைத்தார்கள். மூன்றாவதும் தோற்றால் பூச்சு அறைக்குப் பூட்டு என்று ஆய்வுத் தலைவி சொல்லிவிட்டார்.

எடை போட்டு முடித்த சித்தி சும்மா இருக்கமாட்டாமல் அந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே அளவுகோலை வைத்தார். பதினோரு சென்டிமீட்டர். அடுத்த குழாயிலும் பதினொன்று. எல்லாவற்றிலும் அதே. பூச்சு இயந்திரத்தில் அந்த அளவில் எதுவும் இல்லை. கழுவும் அறைக்குத் திரும்பியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சுக்கு முன் குழாய்களைப் படுக்கவைத்துக் காயவைக்கும் தாங்கியில் இரண்டு கம்பிகள். இடைவெளி, அதே பதினோரு சென்டிமீட்டர். கம்பி தொட்ட இடத்தில் நீர் தேங்கிக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத கறையாகியிருந்தது. கறைமேல் பூச்சு ஒட்டவில்லை.

தாங்கியைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். பழி வேறொருவர் தலையில்தானே இருந்தது. சித்தி தாங்கியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தலைவியின் அறைக்குப் போனார்.

“மேடம், தப்பு பூச்சுல இல்ல. என்கிட்ட.”

“என்னம்மா இது, தட்டு அடுக்குறதா?”

“இதுமேலதான் ரெண்டு தடவையும் காயவச்சேன்.”

தலைவி ஒரு குழாயைக் கம்பிகள்மேல் வைத்தார். புள்ளிகள் அச்சாகப் பொருந்தின.

வாசலில் நின்ற பூச்சுக்காரர் வாயைப் பிளந்தார். “ரெண்டு மாசமா என் தூக்கத்தக் கெடுத்தது இந்த ரெண்டு கம்பியா அக்கா?”

“திட்டணும்னா திட்டிடுப்பா. அப்புறம் வேலையப் பாப்போம்.”

“திட்டு எங்க போகுது? மொதல்ல கொக்கி செஞ்சு தரேன், தொங்கவிடுங்க.”

மூன்றாம் முறை குழாய்கள் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கின; சுத்தமான சூடான காற்றில் காய்ந்தன. பூச்சு ஏறியது. சூளை திறந்தபோது, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், ஒரு புள்ளிகூட இல்லை. சித்தி எடை போட்டு எண்ணைப் படித்தார். பூச்சில்லாத குழாயில் கூடிய எடையில் இருபதில் ஒரு பங்குகூட இதில் கூடவில்லை.

“மில்லிகிராம் அக்கா, இன்னொரு தடவ சத்தமாப் படிங்க!” என்று கத்தினார் பூச்சுக்காரர்.

சித்தி படித்த சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். தலைவி அறிக்கையில் முதல் பெயராகச் சித்தியின் பெயரை எழுதினார்.

அன்று வீட்டில் சித்தப்பா, “உப்பு கூடிடுச்சே” என்றார்.

“கூடட்டும். இன்னிக்கு அளக்கல.”

கழுவுகிற, துடைக்கிற, எடை போடுகிற வேலையில் உங்களுக்குத் தெரிந்தவர் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.