என்னை வெளியேற்றிவிட்டு வந்த விருந்தாளிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓமன் நாட்டின் வடகோடியில், முசந்தம் மலைகளுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் நடந்தது இது. அங்கே ஆண்பிள்ளைகள் பள்ளியில் நான் ஆங்கில வாத்தியார்; அவர்கள் பாஷையில் 'உஸ்தாத்'. என் ஆங்கிலத்தை மாணவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். என் அரபியை ஊரே பொறுத்துக்கொண்டது. அப்படித்தான் வண்டி ஓடியது.

கல்யாணமான கையோடு மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். மலை, கடல், அமைதி என்று நான் அளந்ததை நம்பி வந்தவள். மலை இருந்தது. அமைதி தேவைக்கு மேலேயே இருந்தது. பேச்சுத்துணைக்கு நான் ஒருவன்தான். என்னோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஊர் ஞாபகம் வரத்தானே செய்யும்? "குளிர்கால லீவு வரைக்கும் பாக்கறேன். அப்புறம் எனக்கு டிக்கெட் போட்டுடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதம் பரிமாறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

காலையில் ஆசிரியர் அறையில் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது அங்கே வழக்கம். உடம்பு எப்படி, மழை உண்டா, என்ன செய்தி என்று என் கார் டயர் வரைக்கும் கேட்பார்கள். மனைவியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் போய்ச் சொன்னால், "நான் ஒருத்தி இங்க இருக்கறதே யாருக்கும் தெரியாதா?" என்பாள். எனக்கும் அந்த மனுஷர்கள் மேல் உள்ளூர வருத்தம்தான்.

ஒருநாள், உள்ளூர்க்காரரான கணக்கு வாத்தியார் வழக்கம்போல, "உஸ்தாத், என்ன செய்தி?" என்றார். 'எல்லாம் நலம்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். நான் மனசு பொறுக்காமல், "என் மனைவிக்கு இங்கே பேச ஆளில்லை. ஊருக்குப் போகிறேன் என்கிறாள்" என்று கொட்டிவிட்டேன்.

அறையே கப்சிப். தலைமையாசிரியர் சுவரிலிருந்த டைம்டேபிளை அன்றுதான் பார்ப்பதுபோலப் படிக்க ஆரம்பித்தார். கணக்கு வாத்தியார் பேச்சை மழைக்குத் திருப்பினார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம், இனி டிக்கெட் இரண்டாகப் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். கைலியோடு போய்த் திறந்தேன். கறுப்பு அபாயா அணிந்த பெண்கள் ஆறேழு பேர், கையில் ஃபிளாஸ்க்கும் மூடிபோட்ட பாத்திரங்களுமாக நின்றார்கள். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன்போல இரண்டு கையாலும் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு பிக்கப் வண்டி ஹார்ன் அடித்தது. உள்ளே கணக்கு வாத்தியார்.

"உஸ்தாத், நீங்கள் அங்கே நிற்கிறவரை அவர்கள் உள்ளே போக மாட்டார்கள். யல்லா, வண்டியில் ஏறுங்கள்."

சட்டையையாவது மாட்டிக்கொள்கிறேன் என்றேன். பெண்கள் அதற்குள் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். கைலி பனியனோடு ஏறினேன். பின்னால் இரண்டு ஆடுகள். ஊரைச் சுற்றி வந்தோம். வழியில் என் மாணவர்கள் எனக்கு வைத்த சலாமில் அன்றைக்கு ஒரு தனி உற்சாகம் தெரிந்தது.

"நேற்று ஏன் எல்லாரும் அப்படி மௌனமானீர்கள்?" என்று கேட்டேன்.

"அடுத்தவர் மனைவியைப் பற்றி நாங்கள் கேட்பது மரியாதை இல்லை. நாங்கள் பேச்செடுக்காததால் எங்கள் வீட்டுப் பெண்களும் உங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வரட்டும் என்றிருந்தார்கள். நீங்களே சொன்னதும் நான் வீட்டில் சொன்னேன். அவ்வளவுதான்" என்றார்.

இருட்டும் நேரத்தில் திரும்பினேன். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே மனைவி தமிழில் படபடவென்று பேச, அவர்கள் அரபியில் பதில் சொல்ல, ஒரே சிரிப்பு. என்னோடு ஒரே பாஷையில் பேசி அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் நான் காரில் உட்கார்ந்துதான் பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். குளிர்கால லீவு நெருங்கியது. அவள் டிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை. நானே மெல்ல, "டிக்கெட் போடட்டுமா?" என்றேன்.

"போடுங்க. ஒரு ஆளுக்குப் போதும். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

இப்போதெல்லாம் யாராவது என்னைப் பற்றி எதுவும் விசாரிக்காவிட்டால், அக்கறை இல்லாதவர் என்று நான் முடிவு கட்டுவதில்லை. கேட்க ஒரு வழி கிடைக்காமல் நிற்கிறாரோ என்று, என் கஷ்டத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.