ஓனர் துப்பாக்கிக்கு எக்ஸ்எல் சைஸ்

டக்... டக்... டக்...

துணியில் சைஸ் அட்டையைக் குத்திவிடுகிற டேக் கன் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இன்னும் சிரிப்பு வந்துவிடும். கூடவே அந்தப் பேக்கிங் செக்‌ஷன் வாசமும் வரும். புதுப் பனியன் துணி, அட்டைப்பெட்டி, கறை எடுக்கிற கெமிக்கல் எல்லாம் கலந்த வாசம்.

இரண்டாயிரங்களின் நடுவில்... திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. முழுப் பொறுப்பும் என்னிடம் விட்ட முதல் ஷிப்மென்ட். சாயந்தரம் தூத்துக்குடிக்கு லாரி கிளம்பியாக வேண்டும். பீஸ் எல்லாம் ரெடி, டேக் அடித்துப் பெட்டியில் போடுவதுதான் பாக்கி. லாரி போகாவிட்டால் கப்பலும் போய்விடும், என் வேலையும் போய்விடும்!

அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஓனர் கொதித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குண்டடம் பக்கம் தோட்டம். காவலுக்கு லைசென்சோடு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் அப்பா காலத்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அந்தத் தடவை ஏகக் கெடுபிடி. தோட்டாவையும் கொடுக்க வேண்டும், சுட்டிருந்தால் காலிக் கூட்டைக் காட்ட வேண்டும், அன்று சாயந்தரம்தான் கடைசி.

பொங்கலூரில் அவரைப் போலவே துப்பாக்கி வைத்திருந்த நண்பர் ஒருவர் லைனில் இருந்தார். பேக்கிங் செக்‌ஷன் நடுவில் நின்று ஓனர் செல்போனில் கத்தினார்.

"திருடனென்ன லைசென்ஸ் வாங்கீட்டுங்களா சுடறான்? ஒழுங்கா இருக்கறவனத்தான் புடிப்பாங்க! எங்கய்யன் தொடச்சுத் தொடச்சு வெச்சதுங்க... அங்க மூலைல கெடந்தா துருவேறாதுங்களா? ஆமாங்க, எல்லாக் கன்னையும் சாயந்தரத்துக்குள்ள ஸ்டேஷன்ல குடுத்தரோணுமாமா. ஒண்ணு நின்னாலும் கேஸாமாங்க!"

பக்கத்தில் நின்று இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது ஜெபராஜ் அண்ணன். சாத்தான்குளத்துக்காரர். அந்த வாரம்தான் பேக்கிங் இன்சார்ஜ் ஆகியிருந்தார்.

எங்கள் கம்பெனியில் கன் என்றால் இரண்டுதான். டேக் அடிக்கிற கன், கறை எடுக்கிற ஸ்பாட் கன். இப்போது புரிந்திருக்குமே...

சாப்பிட்டுவிட்டு வந்தால் செக்‌ஷனில் டக் சத்தமே இல்லை. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கன்னெல்லாம் எங்கீங்கக்கா?"

"ஜெபராஜ் அண்ணன் பெட்டில போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாருங்க. ஓனரே சொல்லீட்டாராமாங்க!"

ஓனரைத் தேடி ஓடினேன். அவர் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்த துப்பாக்கியைக் காக்கித் துணி உறையில் போட்டு ஜீப்பில் வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கன்னு அம்மிணி?... அடக் கெரகமே! ஏறு வண்டில!"

ஸ்டேஷன் வராந்தாவில் வெள்ளை வேட்டிகளின் நீண்ட வரிசை. ஆளுக்கொரு துப்பாக்கி உறை, எல்லோருக்கும் இழவு வீட்டு முகம். வரிசையின் முன்னால் ஜெபராஜ் அண்ணன், அட்டைப்பெட்டியோடு. ஸ்டேஷன் ரைட்டர் ஒரு ஸ்பாட் கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரகம்யா இது? லைசென்ஸ் எங்க?"

"கம்பெனில இருக்கும்யா. ஒண்ணு விடாம குடுக்கணும்னு மொதலாளிதான் சொன்னாவ."

"தோட்டா?"

"இந்தா இருக்குல்லாய்யா!" என்று பிளாஸ்டிக் டேக் பின் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

அவ்வளவுதான்... வராந்தாவே வெடித்துச் சிரித்தது. காலையிலிருந்து எரிந்து விழுந்த எங்கள் ஓனர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை முட்டியது, லாரி வந்திருக்கும்!

ரைட்டரோ, "வரிசை முடியட்டும், பெட்டிய அப்பறம் பாக்கலாம்" என்றுவிட்டார். ஒவ்வொரு உறையிலும் பேர் எழுதிய சீட்டை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டு கிழியும், நூல் அறும். வரிசை நகரவே இல்லை.

ஜெபராஜ் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "ஐயா... நா அடிக்கட்டா?"

அவர் சட்டைப்பையில் மீந்துபோன சைஸ் டேக்குகள் இருந்தன. பின்பக்கம் ரைட்டர் சொந்தக்காரர் பேரை எழுத, உறைத் துணியில் அண்ணன் டேக் அடித்தார். டக்! டக்! வரிசை கிடுகிடுவென்று நகர்ந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. அதுவரை சட்டத்தைத் திட்டியவர்கள் சைஸுக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள்!

"எனக்கேனுங்க மீடியம்? எம்படது ரெட்டைக்குழலுங்க!" என்று சேவூர்க்காரர் ஒருவர் டேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் எங்கள் ஓனர். எக்ஸ்எல். உள்ளே கொடுக்கும் முன் உறையை ஒருமுறை தடவினார், அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

எங்கள் பெட்டி திரும்பக் கிடைத்தது. ஜீப் பறந்தது. ஆபீஸ் ஆட்கள், டிரைவர், நான் எல்லோரும் டேக் அடித்தோம். ஓனரே வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்தார்! கடைசிப் பெட்டியை ஏற்றி லாரி கேட்டைத் தாண்டியபோது நாங்கள் போட்ட சத்தம் பக்கத்து டையிங் பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. டேக்கை அவர் எடுக்கவே இல்லை.

இப்போது சட்டம் இன்னும் இறுகிவிட்டது. ரினியூவலுக்கு அலைந்து அலைந்து, போன வருடம் துப்பாக்கியை ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டாராம். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் வெறும் காக்கி உறை தொங்கியது, எக்ஸ்எல் டேக்கோடு.

"துப்பாக்கிதான் போயிருச்சுங்களே... அந்த டேக்கையாச்சும் வெட்டீரலாமுங்களே?" என்றேன்.

உறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"டேக்க வெட்டீட்டா அப்பறம் ரிட்டர்ன் கெடையாதே அம்மிணி."