வலென்சியாவுக்கு வாயைத் திறக்க வேண்டும்

வசந்தத்துக்கு வலென்சியா போகலாமென்று இன்று லண்டன் மிச்சம் (Mitcham) பகுதியில் டிக்கெட் போடும் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த, லண்டனில் பிறந்த பிள்ளை, "அங்கிள், மார்ச்சில ஒவ்வொரு மத்தியானமும் நடுச் சதுக்கத்தில வெடி கொளுத்துவினம், பாருங்கோ" என்று வீடியோவை முழுச் சத்தத்தில் போட்டாள்.

முதல் வெடிக்கே, பின்னால் நின்ற முன்பின் தெரியாத அண்ணை என் பிடரியைப் பிடித்துத் தரையில் அறைந்தார். உதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. என்மேல் விழுந்து கிடந்தபடி கத்தினார்: "வாயைத் திற! காது வெடிச்சிடும்!"

ஊரில் போர்க்கால ஷெல்லடிக்குள் பழகியது. நானும் திறந்தேன்.

பிள்ளை வீடியோவுக்குக் கீழே இருந்ததை வாசித்துவிட்டுச் சொன்னாள்: "அங்க போறவையும் வாயைத் திறந்துகொண்டுதான் நிக்கோணுமாம். இதில எழுதியிருக்கு."

அண்ணை எழும்பித் தூசி தட்டினார். "பங்கர் இருக்கோ எண்டும் பாருங்கோ, பிள்ளை."

உதட்டில் மூன்று தையல். வாயைத் திறக்க ஏலாது, வலென்சியா கேன்சல். வேறு ஊர் சொல்லுங்கள்.