அம்மாவின் மெட்டி

பொம்மனஹள்ளியில் அப்பா, அம்மாவுடன் வசித்தேன். ஞாபகமறதி நோயில் படுத்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு கேரளத்து நர்ஸ் வந்தார். ஸ்கேனுக்காகத் தாலியை முன்பே கழற்றியிருந்தோம். பிறகு அம்மாவின் கால் வீங்கி, மெட்டி சதையில் இறுகியது.

“கழற்றட்டுமா?” என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். அம்மா தூங்கும்போதே சோப்பு தடவி எடுத்துவிட்டார்.

விழித்ததும் அம்மா வெறும் கால்விரல்களைப் பார்த்தாள். நெற்றிக் குங்குமத்தைத் தானே அழித்தாள்.

“உங்கப்பா போயிட்டாரா? எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

பக்கத்திலிருந்த அப்பா அவள் கையைப் பிடித்தார். “இங்கதான் இருக்கேன், சரோஜா.”

அம்மா கையை உருவிக்கொண்டாள். “நீங்க யாருங்க பெரியவரே? துக்கம் கேக்க வந்தீங்களா?”

அப்பா மஞ்சள் கயிற்றோடு கிட்டே போனபோது, யாரோ கழுத்தைத் தொடுகிறான் என்று அலறினாள். சாகும்வரை அப்பாவுக்காக அழுதாள். கடைசியில் அப்பாதான் மெட்டியைப் போட்டு அனுப்பினார்.

இப்போது அப்பாவும் படுக்கையில் இருக்கிறார். அவர் உடம்பிலிருந்து எதை எடுத்தாலும், விழித்திருக்கும்போது சொல்லி, அவர் கையிலேயே கொடுக்கும்படி நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று மோதிரத்தை அப்படித்தான் கழற்றினோம். அப்பா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அவகிட்டயும் இப்படிச் சொல்லிட்டு எடுத்திருக்கலாம்மா.”