திருத்தி வாசித்த ஜெபங்கள்

அடுத்தவர் கவலையை மைக்கில் வாசித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

கல்முனையில் ஒரு தேவாலயக் கந்தோரில் கிளாக்கர். வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. ஜெபிக்க வேண்டியதைத் துண்டுக் கடதாசியில் எழுதிச் சனம் அதில் போடும். ஞாயிறு ஆராதனையில் நான் வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் சபை “ஆண்டவரே, கேட்டருளும்” என்று சொல்லும். யாராவது ஆண்டவரோடு சண்டை பிடித்து எழுதியிருந்தால், மரியாதையாக மாற்றி வாசித்துவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்தப் புத்தி.

போன வருடம் என் மனைவி இறந்தாள். அதன்பிறகு எனக்கென்று ஒரு வரி ஜெபம் வாயில் வரவில்லை. வாய் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கமாக வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

யானை

சவளக்கடையில் வயல் செய்யும் ஒருவர் எழுதியிருந்தார்: “யானை வந்து வேளாண்மையை மிதித்துப் போட்டது. நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்?”

“விவசாயிகளுக்காக ஜெபிப்போம்” என்று வாசித்தேன். ஆராதனை முடிய வாசலில் மறித்தார். “யானை எண்டே நீங்க சொல்லல்லையே ஐயா, பிறகு ஆண்டவர் எதைத் துரத்துற?”

பயம்

பாண்டிருப்பிலிருந்து வரும் ஒரு தாய். பிள்ளை மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில். “உமக்குக் கண் இல்லையா?” என்று மட்டும் எழுதியிருந்தாள். “சுகவீனமான பிள்ளைகளை நினைவுகூருவோம்” என்றேன். சபை அழகாகப் பதில் சொன்னது.

பிறகு வந்து துண்டைத் திருப்பிக் கேட்டாள். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது. “நான் கேட்டது உங்களிட்ட இல்ல ஐயா. ஆண்டவருக்காக நீங்க ஏன் பயப்புடுறீங்க?”

பக்கத்துக் கடை

தேவாலயத்துக்குப் பக்கத்தில் மருதமுனை முஸ்லிம் அண்ணன் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரன் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. என் ஒலிபெருக்கி அவருக்கும் கேட்கும். வீட்டில் சோற்றோடு காத்திருக்க ஆளில்லாததால் நான் அங்கே போய்ச் சும்மா நிற்பேன். அன்று சாரனை மடித்தபடியே கேட்டார்: “எல்லாருக்கும் வாசிக்கிறீங்க கிளாக்கர், உங்களுக்கு ஆரு துஆக் கேக்கிற?”

என் துண்டு

அடுத்த சனிக்கிழமை பெயர் போடாமல் நானும் ஒன்று எழுதிப் பெட்டியில் போட்டேன். மறுநாள் மைக் முன்னால் அது கைக்கு வந்தது. “மனைவியை இழந்த ஒரு சகோதரருக்காக” என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. எழுதியதை அப்படியே வாசித்தேன்: “அவளுக்காக நாற்பது நாள் உபவாசம் இருந்தேன். நீர் கேட்கவில்லை. உம்மோடு கதைக்க எனக்கு மனமில்லை. வீட்டில் கதைக்க வேறு ஆளும் இல்லை.”

போதகர் மட்டும் தனியாக, “ஆண்டவரே, கேட்டருளும்” என்றார். பிறகு கந்தோருக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இதை எழுதினவரைக் கண்டாச் சொல்லுங்க, அடுத்த ஞாயிறும் கோபத்தோட எண்டாலும் வரட்டும்.”

இப்போது கிழமைக்கு ஒரு துண்டு எழுதுகிறேன். ஆண்டவர் இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனாலும் சண்டை பிடிக்க வீட்டில் எனக்கு ஓர் ஆள் இருக்கிறார்.